ஸ்பொக் பாத்திரம் லெனார்ட் நிமோயை விழுங்கிவிட்டதா?

ஆரையம்பதியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குறும்படத்தில் வட்டிக்குக் காசு கொடுக்கிற ஆளாக நடித்தாராம். இப்போது சந்தைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் "வட்டிக்காரன் வாறான்" என்கிறார்களாம், வேறு பாத்திரம் கேட்டால் ஒருவரும் தருவதில்லையாம். "ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் ஸ்பொக்காக நடித்த லெனார்ட் நிமோய்க்கும் இதே கதிதானாமே சேர், வெறுத்துப்போய் 'நான் ஸ்பொக் இல்லை' என்று புத்தகமே எழுதினாராமே, உண்மையா? அவருடைய கதையை விரிவாகச் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்.

தம்பி, புத்தகம் எழுதியது உண்மை. வெறுத்தது பொய். அந்தப் பொய் அவருக்கே எவ்வளவு பெரிய இடைஞ்சலாக வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்தப் பாத்திரம் ஏன் அவரை விட்டுப் போகவில்லை என்ற கேள்விக்குத்தான் முதலில் பதில் வேண்டும். என்னைக் கேட்டால், அதற்குள் அவர் தன் வீட்டையே கொண்டுபோய் வைத்திருந்தார். அதனால் பழைய இடத்தில் இருந்து தொடங்குகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

நிமோய் பிறந்தது 1931 மார்ச் 26ஆம் திகதி, அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்தில், வெளிநாடுகளில் இருந்து வந்த ஏழைகள் நெருக்கமாக வாழ்ந்த ஒரு பகுதியில். தாயும் தகப்பனும் உக்ரைனில் இருந்து வந்த யூதர்கள். வீட்டில் பேசிய மொழி இத்திஷ். தகப்பன் மக்ஸ் நிமோய் முடிவெட்டும் தொழிலாளி, சொந்தமாக ஒரு சலூன் வைத்திருந்தார். லெனார்ட் சின்ன வயதில் பொஸ்டன் பூங்காவில் பத்திரிகை விற்றிருக்கிறார். எட்டு வயதில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கென்று இருந்த ஒரு சமூக நிலையத்தின் சின்ன மேடையில் ஏறினார். பதினேழு வயதில் அதே வட்டாரத்தில் கிளிபர்ட் ஓடெட்ஸின் நாடகம் ஒன்றில் நடித்தார். அவர்களைப் போலவே நெருக்கடியில் வாழும் ஒரு யூதக் குடும்பத்தின் கதை அது. இதுதான் இனித் தன் வேலை என்று அப்போதே முடிவெடுத்துவிட்டார்.

வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. நம் ஊரில் ஒரு பிள்ளை உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுக்கப்போகிறேன் என்றால் தாய் தகப்பனின் முகம் எப்படிப் போகும்? அதே முகம்தான் அங்கேயும். ஒரு நிரந்தர உத்தியோகம் வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கவலை. அக்கோர்டியன் வாசிக்கப் பழகு, அதைக் கொண்டாவது எங்கேயும் பிழைத்துக்கொள்ளலாம் என்று தகப்பன் சொன்னாராம். பேரப்பிள்ளையின் பக்கம் நின்றவர் பாட்டனார் மட்டும்தான். நாடு விட்டு நாடு வந்து, கையில் ஒன்றுமில்லாமல் தொடங்கி, ஒரு சலூனில் நாள் முழுக்க நின்று பிள்ளைகளை வளர்த்த மனிதர் பயப்பட்டதில் ஒரு பிழையும் இல்லை. நான் முப்பது வருடம் நாடகம் படிப்பித்தவன், இந்தப் பயத்தோடு என்னிடம் வந்து கதைத்த தகப்பன்மார் எத்தனையோ பேர். ஒருவரையும் நான் குறைவாக நினைத்ததில்லை.

லெனார்ட் வக்கூம் கிளீனர் விற்றுக் காசு சேர்த்துக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு கிட்டத்தட்டப் பதினாறு வருடம். தம்பி, இந்தப் பதினாறு வருடத்தைத் தயவுசெய்து கவனியுங்கள். 1952இல் ஒரு சின்னப் படத்தில் குத்துச்சண்டைக்காரனாகக் கதாநாயக வேடம் கிடைத்தது, படம் எடுபடவில்லை. அதே வருடம் ஒரு தொடர்படத்தில் செவ்வாய்க் கிரகத்து ஆளாக வந்தார். பிறகு இராணுவத்தில் இரண்டு வருடம், அங்கேயும் வீரர்களுக்கு நிகழ்ச்சி தயாரிக்கும் பிரிவு. வெளியே வந்து டக்சி ஓட்டினார், செல்லப்பிராணிக் கடையில் நின்றார், வீடுகளில் மீன்தொட்டி துப்புரவாக்கினார், நடிப்பு வகுப்பு எடுத்தார். இடையிடையே தொலைக்காட்சியில் ஒருநாள் இரண்டுநாள் வேலை, பெரும்பாலும் கௌபாய்த் தொடர்களில் வில்லன்.

டக்சி ஓட்டிய காலத்தில், 1956இல், ஏறிய ஒரு பயணி ஜோன் எப். கென்னடி. அப்போது அவர் செனட்டர். நான் நடிகன் என்று இவர் சொல்ல, உன் தொழிலிலும் என் தொழிலிலும் போட்டி அதிகம், ஆனால் நல்ல ஆள் இன்னும் ஒருவனுக்கு எப்போதும் இடம் இருக்கும் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னாராம். நிமோய் இதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1964இல் 'த லெப்டினன்ட்' என்ற தொடரில் ஒருமுறை வந்துபோனார். அதைத் தயாரித்தவர் ஜீன் ரொடன்பெரி. தான் அடுத்துச் செய்யப்போகும் விண்வெளித் தொடரில் வேற்றுக்கிரகத்து ஆள் ஒருவன் வேண்டும், இந்த ஒல்லியான நீள முகம் அதற்குச் சரிவரும் என்று அவருக்குத் தோன்றியது. முதல் மாதிரி அத்தியாயத்தை என்.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம் ஏற்கவில்லை, மூளைக்கு அதிகம் வேலை வைக்கிறது என்றார்கள். இரண்டாவது தடவை எடுக்கச் சந்தர்ப்பம் கொடுத்தபோது, அந்தக் காது கூரான ஆளை எடுத்துவிடு என்றும் சொன்னார்கள். பார்ப்பதற்குப் பிசாசு போல இருக்கிறான், மத நம்பிக்கை உள்ள ஊர்களில் விற்க முடியாது என்ற பயம். ரொடன்பெரி விடவில்லை. பழைய ஆட்களில் அநேகமாக எல்லாரும் போனார்கள், ஸ்பொக் மட்டும் நின்றார். தொடரை விற்பதற்காக என்.பி.சி. அச்சடித்த கையேட்டில் நிமோயின் படத்தில் காதையும் புருவத்தையும் திருத்திச் சாதாரண மனிதனாக்கிப் போட்டிருந்தார்கள் என்பதைக் கேள்விப்பட்டால் அந்தப் பயத்தின் அளவு விளங்கும்.

அந்தக் காது நிமோய்க்கும் பயம்தான். முதலில் செய்துவந்த காதுகள் படு மோசம். ஒப்பனைக்காரர் பிரெட் பிலிப்ஸ் அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, வேறு படக் கம்பெனியில் வேலை பார்த்த கெட்டிக்காரர் ஒருவரைப் பிடித்துப் புதிதாகச் செய்வித்தார். அதற்குப் பிறகும் இவருக்கு மனம் ஒப்பவில்லை. பதினைந்து வருடம் கஷ்டப்பட்டு ஒழுங்கான நடிகன் என்று பெயரெடுத்துவிட்டு இப்போது காதை ஒட்டிக்கொண்டு கேலிக்கு ஆளாகப்போகிறேனே என்று ரொடன்பெரியிடம் போனார். அவர் சொன்ன பதில்: பதின்மூன்று அத்தியாயம் செய்துபார், பிறகும் பிடிக்கவில்லை என்றால் ஸ்பொக் காதைத் திருத்திக்கொள்வதாக ஒரு கதை எழுதித் தருகிறேன். அந்தக் கதையை எழுத வேண்டி வரவில்லை.

1966 செப்டெம்பர் 8ஆம் திகதி தொடர் தொடங்கியது. மூன்று வருடம், 79 அத்தியாயங்கள், 1969 ஜூனில் முடிந்தது. அவ்வளவுதான். இன்றைய மெகா தொடர்களோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் இந்த மூன்று வருடத்துக்குள் அவர் செய்ததைத்தான் நடிக்கிற பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

ஸ்பொக் பாதி மனிதன், பாதி வல்கன். தாய் பூமியைச் சேர்ந்தவள், தகப்பன் வல்கன் கிரகத்தவர். வல்கன்கள் உணர்ச்சியை அடக்கித் தர்க்கத்தின்படி மட்டும் நடப்பவர்கள். இதை எழுதிக் கொடுத்துவிட்டு "நடி" என்றால் என்ன செய்வீர்கள்? நிமோயும் முதலில் தடுமாறியிருக்கிறார், முதல் மாதிரி அத்தியாயத்தில் அவர் சத்தம்போட்டுக் கத்துவதையும் ஒரு பூவைப் பார்த்துச் சிரிப்பதையும் காணலாம். அப்புறம் ஒரு காட்சி வந்தது. விண்கலத்தின் திரையில் பயங்கரமான ஒன்று தோன்றுகிறது, எல்லாரும் பதறுகிறார்கள். ஸ்பொக்குக்கு ஒரே ஒரு சொல், "சுவாரசியமானது" என்ற பொருள்பட. மற்றவர்களைப் போலவே பதற்றத்தோடு அதைச் சொல்லிப் பார்த்தார். இயக்குநர் ஜோசப் சார்ஜன்ட், நீ வேறாக இரு, விஞ்ஞானியாக இரு, தள்ளி நின்று பார் என்றார். அமைதியாகச் சொன்னார். ஸ்பொக் பிறந்தது அந்த இடத்தில்தான் என்று அவரே பிறகு சொல்லியிருக்கிறார்.

பாடகர் ஹரி பெலபொன்டேயின் நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்ததையும் அவர் சொல்வார். மேடையில் நெடுநேரம் உடம்பை அசைக்காமல் நின்று பாடிய மனிதர், கடைசியில் ஒருதரம் கையை மெதுவாக உயர்த்தினார், அரங்கமே அதிர்ந்தது. எதுவும் செய்யாமல் நின்றால் ஒரு புருவம் ஏறுவதே பெரிய சம்பவமாகிவிடும் என்பதை அதில் பிடித்துக்கொண்டார். எங்கள் வடமோடிக் கூத்துக் களரியை நினைத்துப் பாருங்கள். வட்டக்களரியில் மத்தளமும் சல்லாரியும் அடிக்க வீமன் துள்ளி ஆடி வருவான், கூட்டம் விசிலடிக்கும். தருமருக்கு அப்படித் துள்ள இடமில்லை. ஆனால் நல்ல ஆட்டக்காரன் ஒருவன் தருமராக வந்தால், துகிலுரியும் இடத்தில் அவன் தலை குனிந்து நிற்கிற நிலையைத்தான் கிழவிகள் விடிந்த பிறகும் கதைத்துக்கொண்டு போவார்கள். கஷ்டமான வேடம் அதுதான் என்று எனக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் சொல்வார். ஸ்பொக் அந்தத் தருமர் வேடம்.

நிமோய் எழுதிக் கொடுத்ததை ஒப்புவித்துவிட்டுப் போகிற ஆளும் இல்லை. எதிராளியைத் துப்பாக்கிப் பிடியால் அடித்து விழுத்துவதாக ஒரு கதையில் எழுதியிருந்தார்கள். இது கௌபாய் செய்கிற வேலை, ஸ்பொக் இப்படிச் செய்யமாட்டான் என்று சொல்லி, கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் விரலால் அழுத்தினால் ஆள் மயங்கி விழுகிற அந்தப் பிடியை அவரே யோசித்துச் சொன்னார். இன்னொரு கதையில் கிருமி தொற்றி எல்லாரும் புத்தி மாறி நடக்கிறார்கள். ஸ்பொக் நடைபாதையில் அழுதுகொண்டு வர ஒருவன் அவன் முகத்தில் மீசை வரைவதாக இருந்தது. நிமோய் எழுத்தாளரிடம் போய், இது சிரிப்புக் காட்சியாகிவிடும், இவ்வளவு அடக்கி வைத்திருக்கிற ஒருவன் அழுவதென்றால் ஆட்கள் பார்க்காத இடத்தைத் தேடித்தான் போவான் என்று வாதாடினார். அறைக்குள் போய்க் கதவு மூடியதும் உடைந்து, தன் தாயிடம் ஒருநாளும் அன்பைச் சொல்லவில்லையே என்று விம்முவான். நேரம் இல்லாததால் ஒரே தடவையில் எடுத்தது. அந்த அத்தியாயம் போன பிறகுதான் அவருக்குக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வரத் தொடங்கின.

இப்போது நான் முதலில் சொன்ன "வீடு" பற்றி. வல்கன்கள் ஒருவரை ஒருவர் வணங்கும் கை முத்திரை உலகத்துக்கே தெரியும்: உள்ளங்கையை முன்னால் காட்டி, நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் பிரித்துப் பிடிப்பது. 1967இல் ஒளிபரப்பான 'அமோக் டைம்' அத்தியாயத்தில் ஸ்பொக் தன் சொந்தக் கிரகத்துக்குப் போகும்போது, இவர்களுக்கென்று ஒரு வணக்கம் வேண்டாமா என்று கேட்டு அதை அவர்தான் சேர்த்தார். எங்கிருந்து எடுத்தார்? சின்ன வயதில் பாட்டனார் தகப்பனாரோடு யூதர்களின் தொழுகை இடத்துக்குப் போயிருக்கிறார். அங்கே குருமார் பரம்பரையில் வந்தவர்கள் சபையை ஆசீர்வதிக்கும்போது எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், பார்க்காதே என்று தகப்பன் சொல்லியிருக்கிறார். பையன் களவாகப் பார்த்துவிட்டான். துணியால் தலையை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களை அப்படிப் பிரித்து வைத்திருந்தார்கள். எபிரேய மொழியில் 'ஷின்' என்ற எழுத்தின் வடிவம் அது, கடவுளின் பெயர்களில் ஒன்றின் முதலெழுத்து. வீட்டுக்கு வந்து தானாகவே விரலைப் பிரித்துப் பழகிய பையன், இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கழித்து அதைக் கமராவுக்கு முன் கொண்டுவந்து வைத்தான். தெருவில் ஒருவருக்கொருவர் இந்தக் கையைக் காட்டுகிறவர்கள், அது என்னவென்று தெரியாமலே ஒருவரை ஒருவர் ஆசீர்வதித்துக்கொள்கிறார்கள் என்று அவர் சந்தோஷப்பட்டுச் சொல்வார்.

ஸ்பொக்கின் தனிமையும் அப்படித்தான். அகதிகளாக வந்தவர்களின் பிள்ளை, வீட்டில் ஒரு மொழி வெளியில் ஒரு மொழி, முழுதாக எந்தப் பக்கத்திலும் சேராத ஆள். பாதி வல்கன், பாதி மனிதன் என்பதை நடிக்க அவருக்கு வேறு எங்கும் போய்ப் படிக்கத் தேவைப்படவில்லை. 1968இல் இளம் பிள்ளைகளுக்கான ஒரு சஞ்சிகைக்கு ஒரு சிறுமி கடிதம் எழுதினாள், ஸ்பொக்குக்கு என்றே எழுதியது. தாய் கறுப்பினத்தவர், தகப்பன் வெள்ளையர். கறுப்புப் பிள்ளைகளும் சேர்க்கிறார்களில்லை, வெள்ளைப் பிள்ளைகளும் சேர்க்கிறார்களில்லை, நீயும் பாதி பாதிதானே, நீ என்ன செய்தாய் என்று கேட்டிருந்தாள். நிமோய் அதற்கு நீளமாகப் பதில் எழுதினார். வல்கன் பிள்ளைகள் ஸ்பொக்கையும் விலக்கிவைத்தார்கள், அவனும் நொந்துபோனான், ஆனால் கூட்டத்துக்குப் பிடித்தவனாக இருப்பதா தனக்கு உண்மையாக இருப்பதா என்று ஒருநாள் யோசித்தான் என்ற மாதிரி. இதை முதன்முதல் வாசித்தபோது எனக்கு என்னோடு படித்த ஒரு பறங்கிப் பிள்ளையின் ஞாபகம்தான் வந்தது. மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுப் பையன், எங்களைவிட நன்றாகத் தமிழ் கதைப்பான், ஆனாலும் விளையாட்டில் சண்டை வந்தால் முதலில் அவனுடைய தோல் நிறம்தான் வாய்க்கு வரும். அவன் இப்போது அவுஸ்திரேலியாவில். அந்தக் கடிதத்தை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன்.

கூட நடித்தவர்களுக்காக அவர் நின்றதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புகழ் வந்த பிறகு இதைச் செய்கிறவர்கள் குறைவு. தொடரில் உஹூரா என்ற பெண்ணாக நடித்த நிஷெல் நிக்கல்ஸுக்கு மற்றவர்களைவிடச் சம்பளம் குறைவு என்று தெரிந்ததும் நிமோய் போய்க் கேட்டு அதைச் சரிசெய்வித்தார் என்று கூட நடித்த வால்டர் கோனிக் சொல்லியிருக்கிறார். 1973இல் அதே தொடரைக் காட்டூனாகச் செய்தபோது நிக்கல்ஸையும் இன்னொரு நடிகரான ஜோர்ஜ் டக்கேயையும் விட்டுவிடப் பார்த்தார்கள். தொடர் பலவகை மனிதர்கள் சேர்ந்து வேலை செய்வதைப் பற்றியது, கறுப்பினப் பெண்ணையும் ஆசிய மனிதனையும் வெட்டிவிட்டு என் குரல் மட்டும் வேண்டாம் என்றார். இரண்டு பேரையும் சேர்த்தார்கள்.

சரி, கெட்ட பக்கம். விடியற்காலையில் ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்து, நாள் முழுக்க உணர்ச்சியைக் காட்டாத ஒருவனாகவே இருந்து, வெள்ளி இரவு வீட்டுக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமைதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் முகம் திரும்பி வரும், அதற்குள் திங்கள் வந்துவிடும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் குடிக்கத் தொடங்கினார். படப்பிடிப்பு முடிந்ததும் ஒன்று என்று தொடங்கி, பிறகு செயலாளர் கடதாசிக் கோப்பையில் கொண்டுவந்து கொடுக்கிற அளவுக்குப் போனது. பல வருடம் அந்தப் பிடியில் இருந்தவர், 1980களின் பிற்பகுதியில் சிகிச்சைக்குப் போய் மீண்டார். இதை அவர் மறைக்கவே இல்லை, தொடரில் கப்டனாக நடித்த வில்லியம் ஷட்னரோடு உட்கார்ந்து கமராவுக்கு முன்னாலேயே சொன்னார். முதல் மனைவியோடு முப்பது வருடத்துக்கு மேலான வாழ்க்கை 1987இல் முறிந்தது. மகன் அடமோடு பல வருடம் பேச்சுவார்த்தை இல்லாமலும் இருந்து, கடைசிக் காலத்தில் இரண்டு பேரும் ஒன்றானார்கள். தம்பி, வேடத்தைக் கழற்றத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் இதுதான் ஆகும். விடிய விடிய ஆடி முடிந்ததும் ஆட்டக்காரனைத் தனியே விடக்கூடாது, கூட இருந்து தேத்தண்ணீர் கொடுத்துக் கதைகொடுக்க வேண்டும் என்று எங்கள் பழைய ஆட்கள் சொல்வதில் பெரிய அர்த்தம் இருக்கிறது.

இனி அந்தப் புத்தகம். தொடர் முடிந்த பிறகு 'மிஷன் இம்பொசிபிள்' தொடரில் இரண்டு வருடம், வேடம் மாற்றுவதில் கெட்டிக்காரனான பரிஸ் என்ற பாத்திரம். நல்ல சம்பளம், ஆனால் அதில் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை, தானாகவே விலகிவிட்டார். அதற்குள் ஸ்டார் ட்ரெக்கை ஊர் ஊராக மறுஒளிபரப்புச் செய்து, முதல் தடவை பார்க்காதவர்கள் எல்லாம் பார்த்து, ஸ்பொக் முன்னைவிடப் பெரிய ஆளாகிவிட்டார். ஒருநாள் விமான நிலையத்தில் ஒரு தாய் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்து, இங்கே பார், உனக்குப் பிடித்த ஸ்பொக் என்கிறாள். பிள்ளை நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, எங்கே ஸ்பொக் என்று தேடுகிறது. அது சரிதானே என்று அவருக்குப் பட்டது. 1975இல் வந்த புத்தகத்துக்கு 'நான் ஸ்பொக் இல்லை' என்று பெயர் வைத்ததன் பின்னணி அதுதான். உள்ளே அவர் ஸ்பொக்கோடு உரையாடுகிறார், தொலைக்காட்சிப் பாத்திரங்களில் எதுவாக இருக்க விருப்பம் என்று கேட்டால் ஸ்பொக்காகத்தான் என்கிறார். ஆனால் அட்டையை மட்டும் பார்த்தவர்கள் கோபப்பட்டார்கள். எங்களை ஒதுக்கிவிட்டான் என்று ரசிகர்கள் ஆத்திரமாக எழுதினார்கள்.

படக் கம்பெனி பெரியவர்களும் அட்டையைத்தான் நம்பினார்கள். ஸ்டார் ட்ரெக்கைப் பிறகு திரைப்படங்களாகவும் எடுத்தார்கள், 1982இல் வந்த இரண்டாவது படத்தில் ஸ்பொக் செத்துப்போகிறார். அந்தப் படத்தில் நடிக்க இவர் தயங்கியபோது, அருமையான சாவுக் காட்சி ஒன்று தருகிறேன் என்று சொல்லித்தான் தயாரிப்பாளர் இவரை இழுத்தார். எடுத்து முடியும்போது இவருக்கே மனம் கனத்துவிட்டது. அடுத்த படத்தை நான் இயக்குகிறேன் என்று கேட்டார். படத்தைத் தயாரித்த பரமௌன்ட் கம்பெனியின் தலைவர் மைக்கேல் ஐஸ்னர், நீ ஸ்டார் ட்ரெக்கை வெறுக்கிற ஆள், ஸ்பொக்கைக் கொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே போடவைத்தவன், உன்னிடம் எப்படிக் கொடுப்பது என்றாராம். அந்த ஒப்பந்தம் இந்தக் கட்டடத்துக்குள்தான் இருக்கிறது, எடுத்து வாசித்துப் பாருங்கள், அப்படி ஒரு வரியும் இல்லை என்றார் நிமோய். 1984இல் மூன்றாவது படம் அவர் இயக்கத்தில் வந்தது. உங்கள் வாய் வரைக்கும் வந்த அந்தப் பொய் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது பாருங்கள். அடுத்த புத்தகத்துக்கு, 1995இல், 'நான் ஸ்பொக்' என்று பெயர் வைத்தார்.

1986இல் வந்த நான்காவது படமும் அவர் இயக்கியதே. அதைத்தான் நான் முதலில் பார்த்தேன். காத்தான்குடிச் சிநேகிதன் ஒருவனின் வாப்பா சவூதியில் இருந்து டெக்கும் கசற்றும் கொண்டுவந்திருந்தார். கரண்ட் இல்லாத காலம், ஜெனரேற்றர் போட்டு, பத்துப் பன்னிரண்டு பெடியன்கள் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தோம். ஆங்கிலம் பாதிக்குமேல் விளங்கவில்லை. விண்வெளியில் இருந்து ஒரு பெரிய பொருள் வந்து கடலைப் பார்த்துச் சத்தம் கொடுக்கிறது, பதில் சொல்ல வேண்டியவை திமிங்கிலங்கள், ஆனால் எதிர்காலத்தில் அவற்றைக் கொன்று முடித்துவிட்டார்கள், பதில் சொல்ல ஆளில்லை. திமிங்கிலத்தின் பாட்டைத் தேடிக் காலத்தில் பின்னோக்கிப் போகிறார்கள். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்துப் பாடும் மீனைக் கேட்ட பிள்ளைகளுக்கு அந்தக் கதையை மொழிபெயர்க்கத் தேவை இல்லை. ஸ்பொக் தண்ணீருக்குள் இறங்கித் திமிங்கிலத்தின் மேல் கையை வைக்கிற இடத்தில் அந்த அறையில் ஒருவரும் கதைக்கவில்லை, ஜெனரேற்றர் சத்தம் மட்டும்தான்.

அடுத்த வருடம் அவர் இயக்கிய 'த்ரீ மென் அண்ட் அ பேபி' 1987இல் அமெரிக்காவில் அதிக வசூல் செய்த படம். அதில் விண்கலமும் இல்லை, கூர்க் காதும் இல்லை. மேடையில் ஓவியர் வான்கோவின் வாழ்க்கையைத் தனியாளாக நடித்து ஊர் ஊராகப் போனார், நியூயோர்க்கின் பிரோட்வே நாடக அரங்கிலும் நடித்தார். 1991இல் 'நெவர் பொர்கெட்' என்ற படத்தில், நாஸி முகாமில் குடும்பத்தை இழந்து, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்த ஒரு மனிதராக வந்தார். புகைப்படக்கலையை முறையாகப் படித்துக் கண்காட்சிகள் வைத்தார். பாட்டும் பாடினார், அதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, குரலைவிட மனம் நல்லது.

இவற்றையெல்லாம் செய்ய அவருக்குக் கதவைத் திறந்து கொடுத்தது எது? ஸ்பொக்தான். உங்களை வட்டிக்காரன் என்கிற ஊர், நீங்கள் நடித்ததை நம்பிய ஊர். எங்கள் ஊரில் வீமன் ஆடிய ஒருவரைச் சாகும்வரை வீமன் என்றுதான் கூப்பிட்டார்கள், அவருடைய மரண அறிவித்தலிலும் அடைப்புக்குறிக்குள் அதைப் போட்டார்கள், பிள்ளைகளே போடச் சொன்னது. அதற்காக வட்டிக்காரன் வேடத்தையே திரும்பத் திரும்ப எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வேறு பாத்திரம் தருகிறார்களில்லை என்றால் நிமோய் செய்ததைச் செய்யுங்கள்: கமராவுக்குப் பின்னால் போய் நில்லுங்கள், நீங்களே எழுதுங்கள், ஊர்க் கூத்தில் ஒரு வேடம் கேளுங்கள். அண்ணாவியாருக்குக் குறும்படம் பற்றித் தெரியாது, உங்கள் குரலையும் காலையும்தான் பார்ப்பார்.

உரிமை விஷயத்திலும் கவனமாக இருங்கள். நிமோயின் முகத்தை ஸ்பொக்காகப் போட்டுப் பொருட்கள் விற்றார்கள், இலண்டனில் ஒரு பியர் விளம்பரப் பலகையிலும் அந்தக் காது வந்தது, அவருக்கு ஒரு சதமும் வரவில்லை. ஸ்டூடியோவோடு வழக்குக்குப் போய், அது தீர்ந்து காசு கைக்கு வந்த பிறகுதான் 1979இல் வந்த முதல் ஸ்டார் ட்ரெக் படத்துக்கு ஒப்புக்கொண்டார். உங்கள் படத்தை ஒருவன் கடை விளம்பரத்துக்கு எடுத்தால் வெட்கப்படாமல் கேளுங்கள்.

புகைத்தலை விட்டு முப்பது வருடம் கழித்து நுரையீரல் நோய் வந்தது. நான் விட்டது போதாது, பிந்திவிட்டேன், தாத்தா சொல்கிறேன், இப்போதே விடுங்கள் என்று ட்விட்டரில் எழுதினார். 2015 பெப்ரவரி 27ஆம் திகதி, 83 வயதில் காலமானார். அப்போது சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த டெரி வேர்ட்ஸ் என்ற விண்வெளி வீரர், யன்னலுக்கு எதிரே அந்தக் கை முத்திரையைப் பிடித்து ஒரு படம் அனுப்பினார். கீழே பூமியில் தெரிந்த இடம் பொஸ்டன். கனடாவில் ஐந்து டொலர் தாளில் இருந்த முன்னாள் பிரதமரின் முகத்தில் சனங்கள் பேனையால் கூர்க் காது வரைந்தார்கள். தகப்பன் மக்ஸ் இதையெல்லாம் பார்க்க இருக்கவில்லை, ஆனால் தொடர் ஓடிய காலத்தில் தன் சலூனில் மகனின் ஸ்பொக் படத்தை மாட்டிவைத்து, கேட்டு வந்த பையன்களுக்கு ஸ்பொக் மாதிரியே நெற்றியில் நேராக முடிவெட்டி விட்டிருக்கிறார்.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்பீர்கள். 'அமோக் டைம்' பாருங்கள். அந்த வணக்கம் முதன்முதல் வரும் இடத்தில் ஸ்பொக்கைப் பார்க்காமல் எதிரே பல்லக்கில் வந்து இருக்கும் மூதாட்டியின் கையைக் கவனியுங்கள். சீலியா லோவ்ஸ்கி என்ற அந்த நடிகைக்கு விரல் அப்படித் தானாகப் பிரியாது. கமரா ஓடுவதற்கு முன்பே மற்றக் கையால் விரல்களைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் உயர்த்தினார்.